தென்துருவப் பயணங்களும் வானிலைப் பதிவுகளும் (1898–1913)

தென்துருவப் பயணங்களின் வரலாறு பெரும்பாலும் மனத்திண்மையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் பயணிகள் எந்த நாளில் புறப்பட்டார்கள், எவ்வளவு தொலைவு நடந்தார்கள், எங்கே முடங்கினார்கள் என்பவற்றை வானிலையே பெரிதும் முடிவு செய்தது. அதைப் பற்றி அவர்கள் கையில் இருந்ததோ சில ஆண்டுப் பதிவுகள் மட்டுமே. ஒரு குழு எடுத்த அளவீடு அடுத்த குழுவின் பயணக் கணக்கானது. அந்த அளவீடுகள் போதாமல் போனது உயிரிழப்பிலும் முடிந்தது. இக்கட்டுரை அந்தத் தொடர்பை ஆராய்கிறது.

முதல் குளிர்காலங்கள்

அத்ரியன் த கெர்லாஷ் தலைமையில் சென்ற 'பெல்ஜிக்கா' கப்பல் 1898 மார்ச்சில் பெல்லிங்ஸ்ஹாசன் கடலின் பனிக்கட்டிகளுக்குள் சிக்கி, ஓராண்டு அங்கேயே கிடந்தது. மே நடுவிலிருந்து ஜூலை பிற்பகுதிவரை சூரியன் உதிக்கவில்லை. ஸ்கர்வி நோயும் மனச்சோர்வும் பரவின. மருத்துவர் ஃபிரெடரிக் குக், நோயாளிகளை அடுப்பின் அனல் படும்படி நிற்கவைத்தும் சீல், பெங்குவின் இறைச்சியை உண்ணச்செய்தும் பலரைத் தேற்றினார். அந்த நிலையிலும் குழுவின் அறிவியலர் ஆர்ட்டோவ்ஸ்கியின் பொறுப்பில் வானிலைக் குறிப்புகள் இடைவிடாது எழுதப்பட்டன. அண்டார்க்டிக் வட்டத்துக்குள் ஓராண்டு முழுவதும் எடுக்கப்பட்ட முதல் பதிவு அதுவே. மறு ஆண்டு போர்ச்கிரெவிங்க் குழு அடேர் முனையில் தங்கி, கண்டத்தின் நிலப்பரப்பிலேயே ஒரு குளிர்காலத்தைக் கழித்தது.

சிம்லாவிலிருந்து வந்தவர்

இராபர்ட் ஸ்காட்டின் இரண்டாம் பயணத்தில் (1910–13) வானிலையியலராக இருந்த ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலைத் துறைப் பணியில் இருந்தவர். ஹைட்ரஜன் பலூனில் பதிவுக் கருவியைக் கட்டி மேலே விடுவார். கீழே விழும் கருவியைக் கண்டெடுக்க, அதனோடு கட்டிவிட்ட மெல்லிய பட்டு நூலைத் தொடர்ந்து செல்வார்கள். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்றைவிட மேலடுக்குக் காற்று வெப்பமாக இருப்பதை இம்முறையில் அவர் கண்டார். 1912இல் அவர் இந்தியா திரும்பினார். அவரது ஆய்வு நூல் 1919இல் கல்கத்தாவில் அச்சாயிற்று.

நாள் குறித்த குளிர்

ஸ்காட்டுக்குப் போட்டியாக வந்திருந்த அமுண்ட்சென், 1911 செப்டம்பர் 8 அன்று துருவம் நோக்கிப் புறப்பட்டார். குளிர் −56° செல்சியஸை எட்டியது. திசைகாட்டிகளுக்குள் இருந்த திரவம் உறைந்தது. குழு திரும்பிவிட்டது. அக்டோபரில் மீண்டும் கிளம்பி, டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தது. ஸ்காட் மட்டக்குதிரைகளையும் நம்பியிருந்தார். நாய்கள் அளவுக்கு அவை குளிர் தாங்காதவை என்பதால் நவம்பர் 1 வரை காத்திருந்தார். டிசம்பர் தொடக்கத்தில் ஈரப்பனிப் புயல் ஒன்று மேலும் நான்கு நாள்களைத் தின்றது. 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்த ஐவரும் திரும்பும் வழியிலேயே மாண்டனர். ராஸ் பனியடுக்கில் மார்ச் மாதத்தில் நடக்க நேர்ந்ததற்கு இந்தத் தாமதங்களும் காரணம்.

அந்த மார்ச்சில் வெப்பநிலை பல நாள்கள் −40°ஐ ஒட்டியிருந்தது. பனிச்சறுக்கு வண்டி எளிதில் நகர, அதன் அடியில் பனி சற்றே உருகி நீர்ப்படலம் உருவாக வேண்டும். அத்தகைய குளிரில் அது உருவாகாது. வண்டியை மணலில் இழுப்பது போலாகிவிடும். நாள் நடை குறைந்தது. உணவும் எரிபொருளும் தீர்ந்தன. கடைசிக் கூடாரம் அடுத்த உணவுக் கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் முன்பாக நின்றுபோனது.

காற்றின் சிறை

அதே காலத்தில் டக்ளஸ் மாசன் குழு டெனிசன் முனையில் தங்கியிருந்தது. உள்நாட்டுப் பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவு வழியே கடலை நோக்கிப் பாயும் இடம் அது. 1912 மே மாதச் சராசரி வேகமே மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டர். பயணத்தில் தோழர் இருவரை இழந்து 1913 பிப்ரவரி 8 அன்று மாசன் முகாமுக்குத் திரும்பியபோது கப்பல் புறப்பட்டுவிட்டிருந்தது. கம்பியில்லாத் தந்தியில் அழைத்தும், காற்றின் வேகத்தால் கப்பலால் கரையில் இருந்தவர்களை ஏற்றிக்கொள்ள முடியவில்லை. இன்னொரு குளிர்காலத்தை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று.

மதிப்பீடு

வானிலை எதிர்பார்ப்பை மீறியது என்று ஸ்காட் எழுதிவைத்ததைச் சிலர் சாக்குப்போக்கு என்றனர். சூசன் சாலமனும் சார்லஸ் ஸ்டர்ன்ஸும் தானியங்கி வானிலை நிலையங்களின் பல ஆண்டுப் பதிவுகளோடு 1912 அளவீடுகளை ஒப்பிட்டு 1999இல் ஆய்வு வெளியிட்டனர். அந்த மார்ச் வழக்கத்தைவிட மிகக் குளிர்ந்தது என்றும் அத்தகைய ஆண்டுகள் அரிதானவை என்றும் அது காட்டியது. எனினும் கடைசிக் கூடாரத்தில் தங்களை முடக்கியதாக ஸ்காட் எழுதிய பனிப்புயல் அத்தனை நாள் நீடித்திருக்குமா என்ற ஐயத்தைச் சாலமனே எழுப்பியுள்ளார். ஆகவே பழி முழுவதையும் வானிலைமேல் போடவும் இயலாது. முந்தைய பதிவுகளிலிருந்து சிம்ப்சன் கணித்த மார்ச், வழக்கமான ஆண்டுக்குப் பொருந்தியது. சராசரியிலிருந்து ஓர் ஆண்டு எவ்வளவு விலகக்கூடும் என்பதைச் சொல்லப் பல பத்தாண்டுப் பதிவுகள் வேண்டும். அவை இல்லாத காலத்தில், பிழைக்கும் வழி கூடுதல் நாள்களையும் கூடுதல் எரிபொருளையும் கையிருப்பில் வைப்பது ஒன்றே. ஸ்காட்டின் திட்டத்தில் குறைவாக இருந்தது அந்தக் கையிருப்புதான்.