வகித்தலும் பிடித்தலும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் அணையால் அறியப்படும் ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் ஊராட்சித் தேர்தல் முடிந்ததும், ‘இம்முறை பதவியைப் பிடித்தவர் யார்?’ என்றே கேட்கிறோம். பங்குப்பேரவைத் தேர்வு முடிந்தாலும் நம் வினா மாறுவதில்லை. பதவியோடு நாம் சேர்க்கும் இவ்வினைச்சொல் எண்ணிப் பார்க்கத்தக்கது.

‘பதவி’ வடசொல்; வழி என்பதும் அதன் பொருள்களுள் ஒன்று. அதனோடு முன்னோர் இணைத்த ‘வகித்தல்’ என்னும் வடமொழி வழிச் சொல்லுக்குச் சுமத்தல், தாங்குதல் என்பது பொருள். தமிழ்ச்சொல்லாகிய ‘பொறுப்பு’ம் பாரம் தாங்குதலைக் குறிக்கும் ‘பொறுத்தல்’ என்பதிலிருந்தே பிறந்தது. ‘பொறுப்பைப் பிடித்தார்’ என எவரும் சொல்வதில்லை, ‘ஏற்றார்’ என்கிறோம். பதவி பறிபோகிறது, பொறுப்பிலிருந்தோ ஒருவர் விடுவிக்கப்படுகிறார். ஒன்றை உடைமையாகவும் மற்றொன்றைச் சுமையாகவும் நம் நாவே பிரித்துவிட்டது.

சுமையெனில் இறக்கிவைக்கும் நாளும் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதனை நன்குணர்ந்தவை. அது பிராமணர் சபை. ஊரார் அனைவருக்கும் அதில் இடமில்லை. ஆயினும், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியப் பெருமக்களுக்குக் காலம் 360 நாள்களே. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் பின்னர்த் தேர்வுக்குரியர் அல்லர்.

நம் விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர், 1957-லும் 1962-லும் சாத்தூர்த் தொகுதியில் வென்றவர். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராயிருந்து, கட்சிப் பணிக்கென 1963 அக்டோபர் 2 அன்று தாமே விலகினார். மறு ஆண்டே அகில இந்தியக் காங்கிரசின் தலைமை அவரிடம் வந்தது. ஆதலின் அவ்விலகலின் அரசியல் விளைவுகளைப் பலர் பலவாறு மதிப்பிடுவர். எனினும், முதலமைச்சர் நாற்காலியை இறக்கிவைக்கத்தக்கதாக அவர் கருதினார் என்பதில் ஐயமில்லை.

திருச்சபையின் வழக்கும் இதுவே. பதவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய ‘ஒஃபீசியும்’ என்பதற்குக் கடமை என்றே பொருள். ஆயர்களும் பங்குத்தந்தையரும் 75 அகவை நிறைந்ததும் பணிவிலகல் மடல் அளிக்குமாறு 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. தம் உடல்வலிமை குன்றியதையுணர்ந்து திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2013-இல் விலகியபோது, உலகம் வியந்தது.

பங்குப்பேரவையிலும் அன்பியத்திலும் நம்மிடம் தரப்படுவன சிறு பாரங்களே. ஆயினும் அவற்றை ஆண்டாண்டாக விடாது பற்றியிருக்கையில், அடுத்து வரும் இளையோர் தோள்கள் பழகாமலே போகின்றன. ஆதலின், பொறுப்பேற்கும் நாளிலேயே இரண்டை உறுதி செய்துகொள்வோம்: கணக்கை எவரிடம் ஒப்படைப்போம்? நமக்குப்பின் சுமப்பவரை எவ்வாறு ஆயத்தம் செய்வோம்? இவ்விரண்டிற்கும் விடை வைத்திருப்பவரே பதவி வகிப்பவர்; ஏனையோர் அதனைப் பிடித்திருப்பவரே.