ஆனந்தரங்கர் மாளிகையும் அதைச் சூழ்ந்த புதுவையும்

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டை அடுத்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரையே தாங்கிய தெருவில் நிற்கும் மாளிகை 1738ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது லூயி கோட்டையும் ஆளுநர் மாளிகையும் மாதா கோயிலும் அழிந்துபோனமையால், அதற்கு முந்தைய புதுச்சேரியை நேரில் காட்டும் மிகச் சில கட்டடங்களுள் இது ஒன்றாகும். இவ்வீட்டையும் இதன் உரிமையாளர் எழுதிய நாட்குறிப்பையும் இணைத்துப் பார்த்தால்தான் சுற்றுப்புறச் சின்னங்களின் வரலாறு முழுமையாக விளங்கும்.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த பிள்ளை, தந்தை திருவேங்கடம் பிள்ளை புதுச்சேரியில் குடியேறியதை அடுத்து அங்கேயே வணிகத்தில் வளர்ந்து, 1747இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியானார். துபாசி என்போர் பெயரளவில் மொழிபெயர்ப்பாளர்களே எனினும், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனிக்குத் துணி திரட்டித் தரும் வணிகர்களுக்கும் அதன் அதிகாரிகளுக்கும் இடையில் நின்று பேசுவதும், உள்நாட்டு ஆட்சியாளர்களுடனான கடிதப் போக்குவரத்தை நடத்துவதும், நகரத்துச் சாதித் தலைவர்களின் முறையீடுகளை ஆளுநரிடம் எடுத்துரைப்பதும் தலைமைத் துபாசியின் பொறுப்பில் இருந்தன.

இருபுறமும் கால் ஊன்றிய அந்த வாழ்க்கை வீட்டின் அமைப்பிலும் பதிந்துள்ளது. கீழ்த்தளம் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களுடன் தமிழ் மரபு வீடாக விளங்க, மேல்தளமோ சுண்ணச்சாந்து பூசிய வெண்ணிறத் தூண்களுடன் பிரெஞ்சுப் பாணியில் எழுந்துள்ளது. இவ்வகை இணைப்பு பின்னாளில் புதுவைச் செல்வர் வீடுகளில் பரவலாகக் காணப்பட்டது என்பதால், அம்மரபின் தொன்மையான சான்றாகவும் இம்மாளிகை மதிப்புப் பெறுகிறது.

இதன் இருப்பிடமும் கருதத்தக்கது. 1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரர்கள் நேர்கோட்டுத் தெருக்களுக்கு வரைந்த திட்டத்தையே பிரெஞ்சுக்காரரும் பின்பற்றினர். வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரத்தில், வெள்ளையர் நகரமும், மேற்கே கறுப்பர் நகரம் எனப்பட்ட தமிழர் பகுதியும் அமைந்தன. அரசாங்கத்தில் எத்துணைச் செல்வாக்குப் பெற்றிருந்தும், தலைமைத் துபாசியின் வீடு வாய்க்காலுக்கு மேற்கே, வணிகரும் நெசவாளரும் வாழ்ந்த பகுதியிலேயே இருந்தது.

மாளிகைக்கு அண்மையிலுள்ள மிஷன் வீதியில், மக்கள் சம்பா கோயில் என்றழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் நிற்கிறது. 1761இல் இடிக்கப்பட்ட சேசு சபையாரின் ஆலயத்துக்குப் பதிலாக எழுந்த இன்றைய கட்டடம் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. பழைய ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில், ஆங்கிலத் தளபதி போஸ்காவன் நகரை முற்றுகையிட்ட 1748ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு அரசின் ஆணையால் இடிக்கப்பட்டது. அரசின் ஊழியராகவும் இந்துக்களின் தலைவராகவும் ஒருங்கே இருந்த பிள்ளை, அதைத் தடுக்க இயலாத துயரத்துடன் அந்நிகழ்ச்சியை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பின்னாளில் வேதபுரீசுவரர் ஈசுவரன் கோயில் தெருவில் எழுந்தருளினார். பெரிய மார்க்கெட் இன்று, புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரைத் தாங்கி, வணிக நகரின் தொடர்ச்சியாக இயங்குகிறது.

1736இல் தொடங்கிய நாட்குறிப்பின் பெரும்பகுதி இவ்வீடு எழுந்த பிறகான ஆண்டுகளைச் சேர்ந்தது. கப்பல்களின் வரவு, துணி விலை, திருமணம், வழக்கு, போர் என நகரத்தின் அன்றாடத்தைத் தமிழில் எழுதிவந்த பிள்ளை, 1761 ஜனவரி 16இல் நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் காலமானார். குடும்பத்தாரிடமிருந்த ஏடுகளை 1846இல் கலுவா மோம்பிரேன் என்பவர் வெளிக்கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது.

புதுச்சேரியின் பழமை என்றாலே கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு வீதிகளை மட்டும் எண்ணும் வழக்கம் பெருகியுள்ளது. ஆனால் அவ்வீதிகளின் கட்டடங்கள் பெரும்பாலும் 1765இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிய பின் எழுந்தவை. துய்ப்ளேக்ஸ் காலத்து நகரத்தை அறிய விழைவோர் வாய்க்காலைக் கடந்து தமிழர் பகுதிக்கே வர வேண்டும் என்பதால், ஆனந்தரங்கர் மாளிகையை அது நிற்கும் தெருவோடும் அங்காடியோடும் கோயில்களோடும் சேர்த்துப் பேணுவது புதுச்சேரி வரலாற்றுக்கு இன்றியமையாத கடமையாகும்.