தட்டை இறக்கி வைத்த நேரம்

‘ரெண்டு கைதானட்டி எனக்கு இருக்கு. ஒண்ணு பீடிக்கு, ஒண்ணு கிழவிக்கு. ஒனக்கு எந்தக் கையால நான் சோறு போட?’

பள்ளிக்கூடம் விட்டு வந்து, பசிக்குது என்று நான் நின்ற ஒரு சாயங்காலம் அம்மா கேட்டது இது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், சாரல் எட்டும் தூரத்தில் எங்கள் தெரு. அப்பாவைப் பெற்ற பாட்டி கீழே விழுந்து இடுப்பொடிந்து, சாகிற வரைக்கும் ஐந்து வருஷம் பாயில் கிடந்தாள். ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் பாட்டி, ஒரு மூலையில் அடுப்பு, நடுவில் பீடித்தட்டோடு அம்மா. பாட்டி முனங்கினால் தட்டை இறக்கி வைப்பாள். துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, கை கழுவிவிட்டு மறுபடி தட்டை மடியில் ஏற்றுவாள். ஆயிரம் சுற்றியவள் ஐந்நூறுக்கு வந்தாள். கூலியும் பாதியானது.

இந்தக் கட்டுரை தட்டை இறக்கி வைத்த அந்த நேரத்தைப் பற்றியது. அதற்கு வரலாறு உண்டா?

தட்டு மடியில் இருந்த நேரத்துக்கு உண்டு. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஒத்துக்கொண்டது. வீடும் வேலைத்தலம்தான் என்பதை அரசாங்கத்தின் வாயால் சொல்ல வைத்தது சங்கங்களின் போராட்டம். 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடி மீது விதித்த தீர்வையிலிருந்து மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீட்டுக்கு மானியம் கிடைத்தன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை போயிற்று. 1966 சட்டமும் 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. கிடைத்ததும் கையைவிட்டுப் போகிறது என்பது வேறு கதை. ஆனாலும் ஏட்டில் ஒரு பெயர் இருந்தது. அதே வீட்டில், அதே பெண், தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிழவிக்குக் கஞ்சி ஊட்டினால் அவள் தொழிலாளி இல்லை. மருமகள். அவ்வளவுதான்.

முதியோர் குறித்து அரசாங்கம் போட்ட சட்டதிட்டங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1962இல் தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை, மாதம் 20 ரூபாய். ‘ஆதரவற்றோர்’ என்பதே அதன் அடிப்படை. 1995 ஆகஸ்டு 15இல் மத்திய அரசின் தேசியத் திட்டம், மாதம் 75 ரூபாய். தமிழகத்தில் அந்தத் தொகை ஏறி ஏறி 2023இல் 1200 ரூபாய் ஆனது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டங்களின் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர், யாருமற்ற முதியவர். மற்றவர், கைவிட்ட பிள்ளை. கைவிடவும் மனசில்லாமல், தாங்கவும் முடியாமல் நடுவில் நிற்கிற பெண் தெரிவதில்லை. 2007 சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. பீ மூத்திரம் அள்ளுகிற மருமகள் அந்த வரையறையில் இல்லை. 2019இல் ஒரு திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் கடமைப்பட்டவர்களாகச் சேர்க்கப் பார்த்தது. அது நிறைவேறவில்லை. யோசித்துப் பாருங்கள், அவள் பெயர் முதலில் எழுதப்பட இருந்ததே பொறுப்பாளிப் பட்டியலில்தான்.

‘கூட்டுக்குடும்பம் சிதைந்தது, முதியோர் இல்லம் பெருகியது’ என்று மேடைதோறும் புலம்புகிறார்கள். அது திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டின் புலம்பல். எங்கள் கிழவிக்குத் திண்ணையே கிடையாது. அவள் இளவயசில் நாற்று நட்டதும் களையெடுத்ததும் அடுத்தவர் வயலில். பண்ணை வீட்டில் யாராவது படுத்துவிட்டால் கழிவுத் துணியைத் துவைக்கக் கூப்பிட்டதும் அவளைத்தான். வாசல் தாண்டி உள்ளே போகக்கூடாது, ஆனால் அந்த வீட்டு அழுக்கைத் தொடலாம். பராமரிப்பு வேலைக்கு மதிப்பில்லாமல் போனதற்குப் பெண் வேலை என்பது ஒரு காரணம் என்றால், சாதி இன்னொரு காரணம். அதை விட்டுவிட்டு ‘தியாகம்’ என்று பேசுவது மோசடி.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறுகிறவளுக்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நன்மை, அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. பிறப்பு வீட்டு விவகாரம் இல்லை என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டார்கள். முதுமையும் சாவும் மட்டும் எப்படி வீட்டு விவகாரம் ஆகும்?

இங்கிலாந்தில் 1963இல் மேரி வெப்ஸ்டர் என்ற பெண் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். அவரைப்போன்ற பெண்கள் அணிதிரண்டு 1965இல் சங்கம் அமைத்தார்கள். 1976இல் பராமரிப்பவருக்கென்றே உதவித்தொகை வந்தது. ஆனால் கல்யாணமான பெண்ணுக்கு இல்லை. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அரசின் நியாயம். தன் தாய்க்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் வழக்குப் போட்டு, 1986இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்ற பிறகே அந்தத் தடை உடைந்தது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். புளியரை தாண்டி மலையேறினால் கேரளம். அங்கே 1993இல் கோழிக்கோட்டில் நோய்வலி தணிப்புச் சங்கம் தொடங்கியது. 1999இல் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போகும் வலையமைப்பு உருவானது. 2008இல் அது அரசின் கொள்கையானது. செவிலியர் வீட்டுக்கு வருகிறார், படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுகிறார், பார்த்துக்கொள்கிறவளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அங்கே வந்தது.

நம் பக்கமும் ஒன்றுமில்லாமல் இல்லை. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில், 1981இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்து வருகிறது. கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பி, தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கும் முறையை அது வளர்த்தெடுத்தது. குழந்தைக்கு முடிவது கிழவிக்கு ஏன் முடியாது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது நல்ல ஆரம்பம். அங்கேயும் வீடு வீடாக நடக்கிற பெண்ணுக்குப் பெயர் ‘தன்னார்வலர்’, கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை.

எங்கள் தெருவிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எதிர்வீட்டு மதினி தன் பீடியில் இருநூறை எடுத்து அம்மா கட்டோடு சேர்ப்பாள். ‘நீ பெறவு தா’ என்பாள். சீசனில் அம்மா குற்றாலத்து விடுதிகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனால் தெருவே முறைபோட்டுப் பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கும். இதை ‘சேரியின் ஈரம்’ என்று நான் கொண்டாட மாட்டேன். மதினிக்கும் அன்றாடக் கூலிதான். இல்லாதவர்கள் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுத்து அரசாங்கத்தின் வேலையைச் செய்தார்கள்.

நாம் கேட்கவேண்டியது தெளிவானது. தெருவுக்குள்ளேயே ஒரு பகல்நேர மையம், மாதம் இரண்டு முறையாவது வீட்டுக்கு வரும் செவிலியர், இழந்த கூலிக்கு ஈடாகப் பார்த்துக்கொள்கிறவளின் கையில் பணம். அந்த மையத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு முறையான சம்பளம், அந்த வேலை ஒரு சாதியின் தலையில் மட்டும் விழாதபடி ஏற்பாடு. இவை இரக்கமல்ல, கூலிப் பாக்கி.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. முட்டி மடங்காது, கண் மங்கிவிட்டது. இதை எழுதுவதற்குள் நான்கு தடவை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். கடைசித் தடவை அவள் கேட்டாள், ‘எழுத்து வேலையைக் கெடுக்கேனோட்டி?’

இல்லம்மா என்றேன். அது பொய்.