மழையில் ஊமையான துப்பாக்கிகள்

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுவர். அக்கருவி யார் கையில் இருந்தது, யாரை நோக்கி நீண்டது, அது பழுதுபட்டவேளை யாருடைய உயிர் ஊசலாடியது என்னும் வினாக்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. 1841ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சீனத்தின் காண்டன் நகருக்கு வடக்கேயுள்ள நெல்வயல்களில், சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் அறுபதுபேர்வரையில் பெருமழையில் அகப்பட்டனர். அவர்களின் துப்பாக்கிகள் வெடிக்க மறுத்தன. அந்த ஒரு மாலைப்பொழுதின் கதை அவ்வினாக்களுக்கெல்லாம் விடை தருகின்றது.

அக்காலத்துத் துப்பாக்கி, சக்கிமுக்கிக் கல்லினால் தீமூட்டப்பெறுவது. விசையை இழுத்ததும் கல் உருக்குத்தகட்டில் மோதும். தெறிக்கும் பொறி, குழலின் பக்கத்தேயுள்ள சிறு கிண்ணத்து மருந்திற் பற்றும். அத்தீ ஒரு நுண்துளை வழியே உட்சென்று, குழலில் கெட்டித்த மருந்தை வெடிக்கச்செய்யும். கல் தேய்ந்தாலும், துளை கரியால் அடைபட்டாலும், காற்றுப் பொடியை வாரிச்சென்றாலும் சூடு தவறும். கிண்ணத்து மருந்து நனைந்துவிட்டாலோ துப்பாக்கி வெறும் இரும்புத்தடியே.

இக்குறையைத் தீர்க்க வழி கண்டவர் போர்வீரரல்லர். ஸ்கொத்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரிற் பாதிரியாராயிருந்த அலெக்சாண்டர் போர்சைத் என்பவர். நீர்ப்பறவை வேட்டையில் நாட்டமுள்ள அவர், கிண்ணத்தில் எழும் ஒளியைக் கண்டு குண்டு வருமுன்னே பறவைகள் தப்பிவிடுவதை நோக்கினார். பொறியே வேண்டாம், அடிபட்ட மாத்திரத்தே வெடிக்கும் இரசாயனப் பொடி போதுமென்று கண்டு, 1807இல் உரிமைப்பத்திரம் பெற்றார். 1800இல் எட்வேட் ஹவாட் விளக்கியிருந்த பாதரசப் பல்மினேற்று என்னும் வெடிபொருளைச் சிறு செப்பு மூடியில் இட்டு, துப்பாக்கியின் சுத்தியலால் அடித்து வெடிக்கவைக்கும் முறை பின்னர் பரவியது. இம்மூடிக்கு மழை ஒரு பொருட்டன்று. இன்றைய அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியிலும், தோட்டாவின் அடியிலுள்ள சிறு மூடியை ஊசி அடித்தே தீ பிறக்கின்றது. விற்சுருள் தளர்ந்து அடி மெலிந்தாலோ, ஊசியின் வழி அழுக்கடைந்தாலோ, மூடியின் மருந்து கெட்டாலோ அதுவும் ஊமையாகும்.

1834இல் வூல்விச்சில் இரு முறைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். சக்கிமுக்கித் துப்பாக்கி ஏறத்தாழ ஆறரை முறைக்கு ஒருமுறை தவறியது. செப்பு மூடியுடையதோ நூற்றறுபதுக்கு மேற்பட்ட முறைக்கு ஒருமுறையே தவறியது. உண்மை ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்டது. ஆயினும், அறிவியல் மெய்ப்பித்தது படைவீரனின் கைக்கு உடனே வந்துவிடுவதில்லை. இடையே திறைசேரியும் ஆயுதக் களஞ்சியத்திற் குவிந்திருக்கும் பழஞ்சரக்கும் நிற்கின்றன. ஏழாண்டுகளின் பின்னரும் பிரித்தானியக் காலாட்படையிற் பலர் பழைய துப்பாக்கியையே சுமந்தனர். கிழக்கிந்தியக் கம்பனியின் இந்தியச் சிப்பாய்க்கோ புதியது இன்னும் எட்டாப் பொருளே.

இவ்வாறான துப்பாக்கிகளோடு அவர்கள் சீனத்துக்குச் சென்றது எதற்காக? இந்திய மண்ணில் விளைவித்த அபினைச் சீன மக்களின் வாயிற் திணிக்கும் வாணிகத்தைக் காப்பதற்காக. 1839இல் லின் சேசு என்னும் அதிகாரி இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதற்குப் பழிவாங்கப் படை புறப்பட்டது. 37ஆம் சென்னைச் சுதேசக் காலாட்படையும் அதில் ஓர் அங்கம். அப்படைப்பிரிவினரை ஏற்றிச்சென்ற கோல்கொண்டா என்னும் கப்பல் 1840இற் சீனக்கடற் புயலில் மூழ்கியது. எஞ்சியோர் காண்டன் முன்னே நின்றனர். சென்னைப் பட்டாளத்திற் சேர்ந்தவர்கள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் ஆவர். சிறு சம்பளத்துக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள்.

மே மாத இறுதியில் சேனைத்தளபதி ஹியூ கஃப் நகருக்கு வடக்கேயுள்ள குன்றுகளைக் கைப்பற்றினார். அறுபது இலட்சம் வெள்ளி டொலர் தண்டமாகத் தருவதாக நகர அதிகாரிகள் இணங்கினர். ஆனால் அயலிலிருந்த சான்யுவான்லி முதலிய கிராமங்களின் மக்கள் இணங்கவில்லை. அவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டிருந்தன, பெண்கள் அவமதிக்கப்பட்டிருந்தனர், முன்னோரின் கல்லறைகள் திறக்கப்பட்டிருந்தன. உழவரும் கைத்தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் வாளும் மண்வெட்டியும் ஏந்தித் திரண்டனர்.

30ஆம் நாள் அவர்களைக் கலைக்கச் சென்ற படை, பிற்பகலில் இடிமழையில் சிக்கியது. வயல்வரப்புகள் நீரில் மறைந்தன. பல பிரிவுகளின் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. சென்னைச் சிப்பாய்களின் கம்பனியொன்று வழிதவறித் தனித்தது. நீண்ட கழிகளிற் கட்டிய கொக்கிகளாற் கிராமத்தவர் வீரர்களை வரிசையிலிருந்து இழுத்தனர். சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்திகளால் மட்டுமே தம்மைக் காத்துநின்றனர். அவ்வேளை நடந்த ஒன்றைப் பிரித்தானியரின் குறிப்புகளே கூறுகின்றன: விழுந்த சிப்பாயின் துப்பாக்கியை எடுத்த ஒரு சீனர், கிண்ணத்தில் உலர்ந்த மருந்திட்டு, தம்மிடமிருந்த எரியும் திரியால் நேரே தீமூட்டிச் சுட்டார், கம்பனியின் இளம் அதிகாரியொருவர் கையிற் காயமுற்றார். நுட்பம் வெள்ளையரின் தனிச்சொத்து என்று எண்ணியோர்க்கு அந்த உழவர் கற்பித்த பாடம் அது.

இருட்டிய பின்னர், செப்பு மூடித் துப்பாக்கி ஏந்திய கடற்படைக் காலாட்கள் இரு கம்பனிகள் தேடிவந்து அவர்களை மீட்டன. கஃப்பின் அறிக்கைப்படி அக்கம்பனியில் இறந்தவர் சிப்பாய் ஒருவரே, காயமுற்றோர் பலர். மறுநாள் காண்டன் அதிகாரி ஒருவரே நேரில் வந்து கிராமத்தவரைக் கலைந்துபோகச் செய்தார். மழையால் வெல்ல முடியாத சீற்றத்தை, தம் பதவியைக் காக்க விரும்பிய ஆளும் வகுப்பு அடக்கிவைத்தது.

இந்நிகழ்ச்சி பின்னர் இரு வரலாறுகளாயிற்று. மேனாட்டுத் துப்பாக்கி நூல்களில், புதிய தீமூட்டு முறையின் சிறப்புக்கு அது எடுத்துக்காட்டு. அங்கே உழவர் வெறும் கூட்டம். சீனத்திலோ அது மக்கள் எதிர்ப்பின் முதற் பெருங்குரல். 1950இல் சான்யுவான்லியில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. மக்கள் கதைகளில் எதிரியின் இழப்பு பன்மடங்கு பெருகியதுண்டு. ஆயினும், பேரரசொன்றின் படையை வயற்சேற்றில் நிறுத்திவைத்தவர் எளிய ஆயுதங்களேந்திய கிராமத்தவர் என்னும் உண்மைக்கு மிகைக்கூற்று வேண்டுவதில்லை.

மூன்றாவது வரலாறு ஒன்றுண்டு, அது எழுதப்படவில்லை. மழையில் நனைந்து, வெடிக்காத துப்பாக்கியோடு நின்ற அச்சிப்பாயின் வரலாறு அது. எதிரே நின்றவனும் தன்னைப்போல் நெல் விளைப்பவன் என்பதை அவன் அறிந்திருக்கக்கூடும். அவனைக் கொள்ளையர் கூட்டத்தவன் என்று தள்ளுவது எளிது. வீரன் என்று போற்றுவதும் எளிது. தன் நாட்டை அடிமைகொண்டவருக்காகப் பிறநாட்டை அடிமைகொள்ளப் போனவன் அவன். அப்பணிக்கும் அவனுக்குக் கிடைத்தது ஆறரைக்கு ஒருமுறை தவறும் கருவியே.

துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை என்பதற்குத் தொழில்நுட்ப விடை ஒரு வரியில் அடங்கும்: மருந்து நனைந்தது. நனையாத முறை இருந்தும் அது ஏன் அவன் கையில் இல்லை, அவன் ஏன் அந்த வயலில் நின்றான் என்பவற்றுக்கு விடை காண்பதே வரலாற்று மாணவரின் கடன். வகுப்பறைகளில் அபினிப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையின் விதிகளோடு இவ்வினாக்களையும் மாணவர் முன் வைப்பார்களாக.