ஒரு மீட்டர் வளையமும் அஞ்சு வாட்டும்

எங்க குடியிருப்பு சங்கத்துல மொட்டை மாடியில ஆன்டெனா கட்டக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க. துணி காயப்போடலாம், வத்தல் போடலாம், ஒயர் மட்டும் இழுக்கக் கூடாதாம். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கிறவனுக்கு இது வாய்ப்பூட்டு மாதிரி. நம்ம ஊர் ஹாம்கள் காலையில கூடிப் பேசுற 7 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு டைபோல் கட்டணும்னா சுமார் 20 மீட்டர் ஒயர் வேணும். என் பால்கனி மூணு மீட்டர்!

அப்பதான் லூப் ஆன்டெனா பக்கம் போனேன். ஒரு மீட்டர் குறுக்களவுல செம்புக்குழாய் வளையம், உச்சியில ஒரு கண்டென்சர், கீழ ஒரு குட்டி வளையம். அவ்வளவுதான். பார்க்கிற சக ஹாம்கள் எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: "இது நெஜமாவே வேலை செய்யுமாப்பா?" இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேல வயசு. அந்தக் கதையத்தான் சொல்ல வந்தேன்.

ரேடியோ அலையைப் பிடிக்க ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியில கார்ல்ஸ்ரூவுல பயன்படுத்தினதே ஒரு கம்பி வளையம்தான். வளையத்துல விட்ட சின்ன இடைவெளியில தெறிச்ச பொறிய இருட்டுல உத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சார். அப்புறம் திசை காட்டுறதுக்கு வளையம் பேர் வாங்குச்சு. திருப்பினா சிக்னல் மறையும், மறையுற இடத்தை வச்சு நிலையம் எந்தப் பக்கம்னு சொல்லிடலாம். இதெல்லாம் கேக்குற வேலை. அனுப்புறது வேற கதை.

அனுப்புற வேலைக்கு வளையத்தைப் பேசுபொருளா ஆக்கினது வியட்நாம் போர். காட்டுக்குள்ள இருக்கிற படைக்குப் பக்கத்து முகாமோட பேசணும். நடுவுல மரமும் மலையும். 4 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசையில, சிக்னல நேரா மேல அனுப்பி வானத்துலேர்ந்து கீழ திருப்பினாதான் அது நடக்கும். அதுக்கு டைபோல் 37 மீட்டர். காட்டுல யார் கட்டுறது? அமெரிக்க ராணுவத்தின் 'லிமிடெட் வார் லேபரட்டரி'யில கென்னத் பேட்டர்சன், அஞ்சடி அலுமினியக் குழாய் எட்டை எண்கோணமா மாட்டி ஒரு வளையம் செஞ்சார். 1967 ஆகஸ்ட்ல 'எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில அது வெளிவந்ததும் ஹாம்களுக்குத் தலைகால் புரியல.

அமெரிக்க ஹாம்களின் பத்திரிகை 'க்யூஎஸ்டி'யில லூ மெக்காய்னு ஒருத்தர். எதையும் கட்டிப் பார்த்துத்தான் நம்புவார். அவரும் கட்டினார். 1968 மார்ச்ல எழுதினார். டைபோலுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா வளையம் சோப்ளாங்கி! அதோட பலருக்கு ஆசை விட்டுப்போச்சு.

யார் சொன்னது சரி? என் கருத்து, ரெண்டு பேரும் சரி. கணக்கைப் பாருங்க. அலையா வெளியே போற சக்தியையும் ஒரு தடை மாதிரி ஓம்ல சொல்வாங்க. என் வளையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸ்ல அது சுமார் 0.1 ஓம். அலைவரிசைய பாதியாக்கினா இது பதினாறுல ஒரு பங்காயிடும், அதாவது 7-ல வெறும் 0.006 ஓம். 22 மில்லிமீட்டர் செம்புக்குழாயோட சொந்தத் தடையோ அங்க 0.03 ஓம். ஆக 5 வாட் குடுத்தா 0.8 வாட்தான் வெளிய போகும், மிச்சம் குழாயச் சூடாக்கும். ஒரு சுமாரான இணைப்பு போதும், அதுவும் போச்சு. அதே குழாய் 14-ல மூணுல ரெண்டு பங்கை வெளிய அனுப்பிடும்.

படிக்கப் பயமா இருக்கா? 5 வாட் 0.8 ஆனா எதிர்முனையில எஸ் மீட்டர் முள் ஒண்ணரைப் புள்ளிகூட இறங்காது. டைபோல் வச்சிருக்கிறவனுக்கு அது நஷ்டம். ஒண்ணுமே கட்ட முடியாதவனுக்கு? சிப்பாயும் நானும் ஒரே கட்சி.

1980-கள்ல இந்தக் கணக்கைப் புரிஞ்சவங்க வந்தாங்க. ஜெர்மனியில கிறிஸ்டியன் கேஃபர்லைன் வளையங்களைச் செஞ்சு வித்தார். அமெரிக்காவுல டெட் ஹார்ட் 1986 ஜூன் க்யூஎஸ்டியில, தடிச்ச குழாய், நல்ல கண்டென்சர், இறுக்கமான இணைப்பு இருந்தா வளையம் மோசமில்லன்னு எழுதினார். மெக்காய் எழுதின அதே பத்திரிகை!

ஆனா வளையம் பைக்குள்ள போனதுக்குக் காரணம் குறைஞ்ச சக்திதான். 14-ல என் வளையத்துக்கு 100 வாட் குடுத்தா கண்டென்சர் மேல 5,000 வோல்ட்டுக்கு மேல ஏறும். பழைய ரேடியோ கேங் பொறி விட்டு வெந்துடும். 5 வாட்டுன்னா 1,300 வோல்ட் அளவு, கேங்கோட ரெண்டு பகுதிய தொடரா இணைச்சா சமாளிக்கலாம். (கையால தொட்டுடாதீங்க சாமி.) குறைஞ்ச சக்திக்காரங்க, அதாவது க்யூஆர்பி ஆட்கள், ஏற்கனவே இருந்தாங்க. ஜார்ஜ் டாப்ஸ் என்ற பாதிரியார் 1974-ல பிரிட்டன்ல அவங்களுக்குன்னு சங்கம் தொடங்கினார். 2000-ஐ ஒட்டி பேட்டரியோட தோள்ல மாட்டிக்கிற யேசு எஃப்டி-817 வந்துச்சு, உச்சபட்சம் 5 வாட். 2002 மார்ச்ல பிரிட்டன்ல மலை உச்சியிலேர்ந்து பேசுற 'சோட்டா' ஆரம்பமாச்சு. பிரேசில்ல அலெக்ஸ் கிரிம்பெர்க் மடிச்சு எடுத்துட்டுப் போற 'அலெக்ஸ்லூப்' செஞ்சார். பெட்டி, மலை, வளையம், மூணும் பொருந்திப்போச்சு.

என் அனுபவம்? 14-ல மோர்ஸ் அடிச்சா பதில் வருது. 7-ல காலை நெட்ல ரெண்டு நாள் கூப்பிட்டும் யாரும் கண்டுக்கல. மூணாவது நாள் கேங்கோட உரசுற முனைய கழட்டிட்டு நேரா பற்றவச்சேன். "யாருப்பா அது, ரொம்ப மெல்லிசா கேக்குது, திரும்பச் சொல்லுங்க"ன்னு ஒரு பெரியவர் குரல். கை நடுக்கத்துல கண்டென்சர் நகர்ந்து, சேர்ந்திருந்த சுதி விலகிடுச்சு. திரும்பப் பிடிக்கிறதுக்குள்ள அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

நாளைக்குக் குமிழுக்கு ஒரு நீளமான பிளாஸ்டிக் கைப்பிடி மாட்டணும். எதிர் வீட்டு அக்கா பால்கனியிலேர்ந்து "அது என்ன தம்பி, வளையம்?"னு கேட்டாங்க. கொடி படர விடப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன் :-)