ரூட்டர் (செயலி)

ரூட்டர், இணைய விளையாட்டாளர்கள் கூடிப் பேசவும் தங்கள் ஆட்டத்தை நேரலையில் காட்டவும் உதவும் இந்தியச் சமூக ஊடகச் செயலி. பியூஷ் குமார், தீபேஷ் அகர்வால் இருவரும் 2016இல் டெல்லியில் தொடங்கியபோது நோக்கமே வேறு: கிரிக்கெட், கால்பந்து ரசிகர்கள் போட்டி நடக்கும்போதே அரட்டையடிக்க ஓர் இடம். 2020 ஊரடங்கில் மைதானங்கள் மூடப்பட, நிறுவனம் கைப்பேசி விளையாட்டுகள் பக்கம் திரும்பியது. நெருக்கடியில் எடுத்த முடிவானாலும் சரியான முடிவு.

ஆட்டக்காரர் நேரலைப் பொத்தானைத் தட்டியதும் அவரது கைப்பேசித் திரையும் குரலும் அப்படியே ஒளிபரப்பாகும்; பார்ப்பவர்கள் அங்கேயே கருத்து எழுதலாம். கணினி தேவையில்லை. அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ ஓர் ஆண்ட்ராய்டு போனை மட்டும் வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு இதுவே பெரிய வசதி. இதற்கு மாறாக, 2011இல் வந்த நேரலைத் தளமான ட்விச்சும் 2015இல் வந்த அரட்டைத் தளமான டிஸ்கார்டும் முதன்மையாகக் கணினி ஆட்டக்காரர்களிடையே வளர்ந்தவை.

2022 ஜனவரியில் ரூட்டர் 2.5 கோடி டாலர் முதலீடு திரட்டியது. ஆனால், அடுத்தவர் உருவாக்கிய விளையாட்டுகளை நம்பி நடக்கும் தொழில் இது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. பப்ஜிக்கு மாற்றாக வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. ஒவ்வொரு முறையும் இத்தகைய தளங்களின் நேரலையாளர்கள் வேறு ஆட்டம் தேட வேண்டியிருந்தது.

பின்னர் இத்துறைக்கான சட்டமும் மாறியது: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) போட்டிகளுக்கு அங்கீகாரம் அளித்தது.