முருகன் படத்தை எந்த ஃபோல்டரில் போடுறது?

இன்னைக்கு எபிசோட் நம்ம கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டர்களைப் பற்றி. ஆனா கதை சிவகாசியில் ஆரம்பிக்குது.

1922-ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தா போனாங்க. ஊர் திரும்பி தொழில் ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். அப்படித்தான் தீப்பெட்டி ஊர் அச்சு ஊராகவும் வளர்ந்தது. நம்ம வீட்டுச் சுவரில் தொங்குற காலண்டர்களில் பலதும் அங்கே அச்சானதுதான்.

இப்போ அங்கே ஒரு டிசைனரை கற்பனை பண்ணிக்கோங்க. அவர்கிட்ட ஒரு முருகன் படம் இருக்கு. அதை 'சாமி படங்கள்' ஃபோல்டரில் போடணுமா? 'காலண்டர் 2025'லயா? ஆர்டர் கொடுத்த ஜவுளிக்கடை பேரிலயா? மூணுமே சரிதான். அதனால மூணு காப்பி. அப்புறம் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்'. ஒண்ணுல கடையோட புது போன் நம்பர், இன்னொண்ணுல பழசு. பிளேட்டுக்குப் பழசு போயிட்டா, அச்சான அத்தனை காலண்டரும் வேஸ்ட்.

ஒரு பொருளுக்கு ஒரே இடம்ங்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? காகித ஃபைலும் அலமாரியும் கொடுத்தது. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு மரம் மாதிரி கிளை விடும் அமைப்பை, மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக 1965-லயே விவரிச்சுட்டாங்க. யூனிக்ஸ் அதே வழியில் போச்சு. 1981-ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி, திரையிலேயே காகித ஃபோல்டர் படத்தை வரைஞ்சு காட்டுச்சு. அலமாரியே இல்லாத இடத்துலயும் அலமாரி வந்து உட்கார்ந்துடுச்சு.

இந்தச் சிக்கலை கம்ப்யூட்டருக்கு முன்னாடியே யோசிச்சவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியரா இருந்தவர், 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அப்போ உலகத்துல செல்வாக்கா இருந்தது 1876-ல வந்த டூயியின் தசம முறை. எல்லா அறிவையும் முன்கூட்டியே பெட்டி பெட்டியா பிரிச்சு வைக்கும் முறை அது. புதுசா ஒரு விஷயம் வந்தா பெட்டி எங்கே?

லண்டனில் படிக்கும்போது ரங்கநாதன் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகள், நட்டு, போல்ட்டு. அதை வெச்சு எத்தனையோ பொம்மை செய்யலாம். அதே மாதிரி பெட்டிகளை விட்டுட்டு துண்டுகளைத் தயார் பண்ணினா என்ன? 1933-ல கோலன் பகுப்பு முறை வெளியானது. எதைப் பற்றி, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்னு ஒரு நூலைப் பல முகங்களா பிரிச்சு, பிறகு சேர்த்து எழுதுறது. நம்ம முருகன் படத்துக்கு: தெய்வம், காலண்டர், ஜவுளிக்கடை, 2025. எந்தப் பக்கம் தேடினாலும் ஒரே ஃபைல்.

ரங்கநாதனுக்கு ஒரு தடை இருந்தது. புத்தகம் கடைசியில் ஒரு அலமாரியில்தான் நிக்க முடியும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் மாற்றம் சுலபமா வரலை. மைக்ரோசாஃப்ட் 2003-ல வின்எஃப்எஸ்னு ஃபைல்களை டேட்டாபேஸ் மாதிரி தேடும் திட்டத்தைக் காட்டினாங்க, 2006-ல கைவிட்டாங்க. 2004-ல வந்த ஜிமெயிலில் ஃபோல்டருக்குப் பதில் லேபிள். ஒரே மெயிலுக்கு நாலு லேபிள் ஒட்டலாம். நம்ம போன் கேலரியும் முகம், இடம், தேதின்னு பிரிச்சுக் காட்டுது.

ஆனா தேதியும் இடமும் மெஷினுக்குத் தெரியும். "இது யாருக்காக செஞ்சது, எது கடைசியா ஒப்புக்கிட்ட டிசைன்"ங்கிறது மனுஷருக்குத்தான் தெரியும். அச்சகத்துல அது பெரும்பாலும் ஒரு சீனியர் அண்ணன் தலைக்குள்ள இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனா, ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும். எதுக்குள்ள எது இருக்குன்னு சொல்ல ஆள் இருக்காது.

அதனால என் கருத்து, ஃபோல்டரை ஒழிக்க வேண்டாம். அது பல பார்வைகளில் ஒண்ணா இருக்கட்டும். சேவ் பண்ணும்போது கம்ப்யூட்டர் "எங்கே வைக்கட்டும்?"னு மட்டும் கேட்காம, "இது என்ன, யாருக்கு?"ன்னும் கேட்கணும். வாசகர் நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறது ரங்கநாதன் 1931-ல வெளியிட்ட அஞ்சு விதிகளில் ஒண்ணு. அதை நம்ம லேப்டாப் இன்னும் முழுசா கத்துக்கலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.